ஏடும் ஏரும்

கற்றவன் கழனியில் இறங்கலாகாது, உழுபவனுக்கு ஏடு வேண்டா என்னும் பிரிவினை நம் நாட்டில் நெடுங்காலம் நிலவிற்று. அதனால் நம் முன்னோர் எழுத்தை இழந்தனர். கற்றோரோ மண்ணின் அறிவை இழந்தனர். பௌத்தராகிய நாம் இப்பிரிவினையை ஏற்கலாமா?

மகத நாட்டு ஏகநாளத்தில், விதைப்புக் காலத்தே பிச்சைக்கு நின்ற பகவன் புத்தரை, உழுது உண்ணுமாறு கசிபாரத்வாசர் என்னும் பிராமணர் இடித்துரைத்தார். தாமும் உழுபவரே என விடையிறுத்த பகவன், ஞானத்தை விளக்க எடுத்த உவமை ஏரும் நுகமுமே என்று சுத்தநிபாதம் கூறும். சீனத்தில் 814இல் மறைந்த பைஜாங் என்னும் ஆசிரியர் முதுமையிலும் வயல்வேலையை விடவில்லை. மாணவர் கருவிகளை ஒளித்துவைத்தபோது அவர் உணவை மறுத்தார் என்பர்.

கல்வியும் உழவும் கூடும் பயனை அந்தமானிற் காணலாம். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை நெல்வயல்களுட் புகுந்து மண்ணை உவராக்கிற்று. 1978இல் போர்ட் பிளேயரில், இன்றைய ஸ்ரீ விஜயபுரத்தில், நிறுவப்பெற்ற வேளாண் ஆராய்ச்சி நிலையத்தார் உவர் தாங்கும் ‘காரி தான் 5’ என்னும் நெல்லைத் தந்தனர். அகன்ற மேடுகளும் இடையே வாய்க்கால்களும் அமைக்கும் முறையையும் கற்பித்தனர். மேட்டின் உப்பை மழைநீர் கழுவ, அங்கே காய்கறி விளையும்; வாய்க்காலில் மீன் வளரும். உப்பின் அளவை அறியக் கல்வி வேண்டும். மேட்டை எழுப்பக் கை வேண்டும்.

அன்பர்களே, பிறர் நிலத்தில் உழைத்தது நம் முன்னோர்க்கு இழிவன்று. அவர்க்கு ஏட்டை மறுத்ததே இழிவு. ஆதலின் நம் மக்களைக் கற்பிப்போம். கற்றபின் மண்வெட்டியைத் தொட நாணாதிருக்கவும் பழக்குவோமாக.