கறியும் 'கர்ரி'யும்

ஆசிரியப் பணியை ஏற்ற புதிதில், முகத்துவாரத்தில் மாலை வகுப்பொன்றை நடாத்தி வந்தோம். ஒருநாள் அயல்வீட்டு மீன்கறியின் மணம் சாளரவழியே புகுந்தது. அவ்வேளை மாணவன் ஒருவன், "ஐயா, ஆங்கிலப் பாடத்தில் 'கர்ரி ஃபேவர்' என்று வருகிறதே, அது எங்கள் கறிதானா?" என வினவினான். பிறரைக் குழையடித்துத் தன் கருமத்தை முடித்துக்கொள்ளுதலே அத்தொடரின் பொருள். "ஆம், சுவையான கறி சமைத்துக் கொடுத்துத் தயவு பெறுதல்" என்று விடையிறுத்தோம். வகுப்பு மகிழ்ந்தது, நாமும் மகிழ்ந்தோம். பின்னொருநாள் அகராதியைப் புரட்டியபோதே எம் பிழை புலனாயிற்று. அதற்குள் அம்மாணவன் பள்ளியை விட்டு நீங்கிவிட்டான்.

உண்மை யாதெனின், அத்தொடரிலுள்ள 'கர்ரி' என்னும் வினை பழைய பிரெஞ்சு மொழியினின்று வந்தது. ஆயத்தஞ்செய்தல், செம்மை செய்தல் என்பன அதன் முதற்பொருள். குதிரையின் மேனியைத் தேய்த்துத் துப்புரவாக்குதலையும், பதனிட்ட தோலைச் செம்மையாக்குதலையும் அது பின்னர்க் குறித்தது. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் பிரான்சில் எழுந்த அங்கதக் காவியம் ஒன்றில் 'ஃபோவெல்' என்னும் குதிரை வஞ்சகத்தின் வடிவமாக வருகின்றது. ஆள்வோரும் குருமாரும் போட்டியிட்டு அதனைத் தேய்த்துவிடுகின்றனர். ஆகவே, 'ஃபோவெலைத் தேய்த்தல்' என்பது முகத்துதி செய்தலாயிற்று. அப்பெயரின் பொருளறியாத ஆங்கில மக்கள் நாவில், 16ஆம் நூற்றாண்டளவில், அது தயவைக் குறிக்கும் 'ஃபேவர்' எனத் திரிந்தது. சமையலறைக்கும் இத்தொடருக்கும் யாதொரு தொடர்புமில்லை.

இனி, எம் கறியை நோக்குவாம். கறித்தல் என்பது கடித்துத் தின்னுதல். பட்டினப்பாலையிற் கறி என்பது மிளகு. சோற்றோடு உண்ணும் பதார்த்தத்தையும் அச்சொல் குறித்தது. 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்திற் சிறையிருந்த இறொபேட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட நூலில் அதனைப் போர்த்துக்கேயர் சொல்லாகவே குறிப்பிடுகின்றார். போர்த்துக்கேயர் வாய்வழியே அது பரவியமைக்கு இது சான்று. 1747இல் ஹன்னா கிளாஸ் அம்மையாரின் சமையல் நூலிலும் அது இடம்பெற்றது. 19ஆம் நூற்றாண்டில் அப்பெயர்ச்சொல்லே வினையாகவும் நின்று, கறிச்சரக்கிட்டுச் சமைத்தலைக் குறிக்கலாயிற்று.

எனவே, ஆங்கிலத்தில் 'கர்ரி' என்னும் வினைகள் இரண்டு. உருவம் ஒன்று, பிறப்பு வேறு. செயப்படுபொருளை நோக்கின் வேறுபாடு விளங்கும். குதிரையோ தோலோ தயவோ வருமாயின் அது பிரெஞ்சு வழிவந்தது. முட்டையோ இறைச்சியோ வருமாயின் அது தமிழ் வழிவந்தது.

உள்ளதைக் கொண்டே தமிழ் பெருமையுறும். இல்லாததை ஏற்றிக் கூறுதல் தமிழுக்கு நாம் செய்யும் முகத்துதியேயாம். அன்று வினவிய மாணவன் இன்று இக்கல்லூரியின் பழைய மாணவருள் ஒருவன். இம்மலர் அவன் கைக்கு எட்டுமாயின், காலந் தாழ்த்தேனும் இவ்விடையை ஏற்றுக்கொள்வானாக.