பழைய சர்ச்சுல கல்லைப் படிக்க அக்காவோட 6 டிப்ஸ்

லீவுக்குப் பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டுப் பழைய கிராமத்துச் சர்ச்சுக்குப் போறியா கண்ணு? பூசை முடிஞ்சதும் வெளியே ஒரு சுத்து வா. நம்ம சேலம் மாவட்டத்துக் கெங்கவல்லியில நின்னா தெரியுற மலைங்க எதால ஆனதுன்னு சுவரே சொல்லிடும்.

1. முகப்பை விடு. அங்கே வெள்ளையடிச்சிருப்பாங்க. பின்சுவர், அஸ்திவார வரிசை, வாசப்படி, பூச்சு உதிர்ந்த மூலை, இங்கெல்லாம்தான் கல்லு வெளியே தெரியும்.

2. தண்ணி பாட்டிலும் துணியும் எடுத்துக்கோ. வெயிலும் மழையும் பட்ட கல்லு எல்லாமே பழுப்பாத்தான் இருக்கும். ஈரத்துணியால துடைச்சாத்தான் நிறம் வரும். நீலமும் பச்சையும் கலந்த கறுப்பா, எண்ணெய் தடவின மாதிரி மினுங்கினா சார்னோக்கைட்; கொல்லிமலை, சேர்வராயன் மலையில கிடைக்கிற கல்லு. வெள்ளையும் கறுப்பும் பட்டை பட்டையா ஓடினா நைஸ்; நம்ம சமவெளியில கிணறு வெட்டினா வரும்.

3. போன் கேமராவைப் பெருசாக்கிப் பாரு. கலங்கின வெள்ளையா இருந்தா வெங்கச்சங்கல், ஏடு ஏடா பளபளத்தா காக்காப்பொன், செவப்புப் பொட்டா இருந்தா கார்னெட்.

4. ஓரத்தைத் தடவிப் பாரு. வரிசையாச் சின்னக் குழி இருந்தா, உளியால வெட்டி ஆப்பு இறக்கிப் பொளந்த கல்லு. முகம் முழுக்க வழவழன்னு இருந்தா மெஷின்ல அறுத்தது, பின்னாடி மாத்தியிருப்பாங்க.

5. பிள்ளைங்களுக்கு இந்தக் கதையைச் சொல்லு. கல்கத்தா செயின்ட் ஜான்ஸ் சர்ச் வளாகத்துல, 17-ஆம் நூற்றாண்டுல செத்துப்போன கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கோட கல்லறை இருக்கு. அந்தக் கல்லு நம்ம தமிழ்நாட்டுப் பல்லாவரம் பக்கத்துப் பாறை வகை. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில இருந்த தாமஸ் ஹாலண்ட் 1893-ல அந்தப் பாறைக்குச் சார்னாக் பேரால சார்னோக்கைட்னு பேரு வெச்சார். ஏற்காடு மலைப்பாறையும் அதே வகைதான். பூமிக்குள்ள பல கிலோமீட்டர் ஆழத்துல வெந்து உருவாகி ஏறக்குறைய 250 கோடி வருஷம் ஆச்சு.

6. சுத்தியல், ஆசிட் ரெண்டையும் தொடாதே. ஆசிட் பட்டா சுண்ணாம்புக் காரை கரைஞ்சுடும். சர்ச் கமிட்டியில உனக்குத் தெரிஞ்சவங்க இருந்தா இதையும் சொல்லு: விரிசலைச் சிமெண்ட் வெச்சு அடைக்காதீங்க. ஈரம் வெளியேற வழியில்லாம உள்ளேயே தங்கி, உப்பு பூத்து, பக்கத்துக் காரையெல்லாம் உதிரும். பழைய சுவருக்குச் சுண்ணாம்புக் காரைதான் சரி. அதுல பழகின கொத்தனாரைத் தேடிப் பிடிச்சு வேலை கொடுங்க.