கல்வி உதவி மனுவும் இணைப்புச் சொற்களும்



கல்வி உதவி கேட்டு நம் அறக்கட்டளைக்கு வரும் மனுக்களில் சிலவற்றை வெளியூர்க் கொடையாளர்களுக்கும் அனுப்புகிறோம். அவர்களில் பலருக்குத் தமிழ் தெரியாது. அதனால் மாணவர் தம் கைப்பட ஆங்கிலத்தில் ஒரு பக்கக் கடிதம் எழுதித் தர வேண்டும் என்று கேட்கிறோம். அப்படி வந்த ஒரு கடிதம்தான் இந்தப் பாடத்தை எழுத வைத்தது.

கோவளம் பக்கத்து மாணவி ஒருவர் இப்படி எழுதியிருந்தார்: ‘மை ஃபாதர் லாஸ்ட் ஹிஸ் போட் பிகாஸ் ஐ ஸ்டாப்ட் காலேஜ்.’ எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. தந்தையின் படகு போய்விட்டது, அதனால் படிப்பு நின்றது என்று அவர் சொல்ல வருவது எங்களுக்குப் புரிந்தது. ஆனால் அந்த வாக்கியம் சொல்வதோ நேர்மாறு: மகள் கல்லூரியை நிறுத்தியதால் தந்தை படகை இழந்தாராம்! நாங்கள் அதைப் படித்தும் திருத்தச் சொல்லாமல் அனுப்பிவிட்டோம். விவரம் முன்னுக்குப் பின் முரணாக இருக்கிறது என்று மனு திரும்பி வந்தது. திருத்திய கடிதம் போய்ச் சேர்வதற்குள் கட்டணம் கட்டும் தேதி தாண்டிவிட்டது; அந்தக் குடும்பம் அபராதத்தோடு கட்ட நேர்ந்தது. தவறு எங்களுடையது. இனி அப்படி நடக்கக் கூடாது.

பிழை எங்கிருந்து வருகிறது?

தமிழில் காரணத்தைக் காட்டும் ‘ஆல்’ காரணத்தின் வாலில் ஒட்டும். ‘படகு போனதால் படிப்பை நிறுத்தினேன்’ என்கிறோம். ஆங்கிலத்தில் ‘பிகாஸ்’ காரணத்தின் தலையில் நிற்கும். தமிழ் வரிசையை அப்படியே வைத்துக்கொண்டு சொற்களை மட்டும் ஆங்கிலமாக்கினால், பிகாஸ் தவறான பக்கத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது.

நினைவில் வைக்க வேண்டியது ஒன்றுதான்: பிகாஸுக்குப் பின்னால் வருவது காரணம், ‘ஸோ’வுக்குப் பின்னால் வருவது விளைவு. ஆகவே அந்த மாணவி இரண்டு வகையில் எழுதலாம். ‘ஐ ஸ்டாப்ட் காலேஜ் பிகாஸ் மை ஃபாதர் லாஸ்ட் ஹிஸ் போட்’ என்பது ஒன்று. ‘மை ஃபாதர் லாஸ்ட் ஹிஸ் போட், ஸோ ஐ ஸ்டாப்ட் காலேஜ்’ என்பது மற்றொன்று.

எழுதியது சரியா என்று பார்க்க எளிய வழி உண்டு. பிகாஸ் இருக்கும் இடத்தில் ‘ஏனென்றால்’ என்றும், ஸோ இருக்கும் இடத்தில் ‘ஆகவே’ என்றும் வைத்துத் தமிழில் உரக்கப் படியுங்கள். ‘தந்தை படகை இழந்தார், ஏனென்றால் நான் கல்லூரியை நிறுத்தினேன்’ என்று படித்தவுடன் தவறு காதிலேயே பட்டுவிடும். ஆங்கிலம் தெரியாத தாயும் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து இந்தச் சோதனையைச் செய்யலாம்.

எந்த உறவுக்கு எந்தச் சொல்?

1. கூடுதலாக ஒன்றைச் சேர்க்க: அண்ட், ஆல்ஸோ, இன் அடிஷன்.
2. காரணம் சொல்ல: பிகாஸ், சின்ஸ். விளைவு சொல்ல: ஸோ, தேர்ஃபோர்.
3. மாறுபட்டதைச் சொல்ல: பட், ஹவெவர், ஆல்தோ.
4. நடந்த வரிசையைச் சொல்ல: ஃபர்ஸ்ட், தென், ஆஃப்டர் தட், ஃபைனலி.
5. உதாரணம் காட்ட: ஃபார் எக்ஸாம்பிள்.

அடிக்கடி காணும் பிழைகள்

ஆல்தோ என்று தொடங்கிய வாக்கியத்தின் நடுவில் பட் போடக் கூடாது. பிகாஸ் என்று தொடங்கினால் நடுவில் ஸோ வேண்டாம். ஓர் இணைப்புக்கு ஒரு சொல் போதும்.

பிகாஸுக்குப் பின் முழு வாக்கியம் வரும்: ‘பிகாஸ் மை ஃபாதர் இஸ் இல்.’ பிகாஸ் ஆஃப் என்றால் பெயர்ச்சொல் மட்டுமே வரும்: ‘பிகாஸ் ஆஃப் மை ஃபாதர்ஸ் இல்னெஸ்.’

ஹவெவர், தேர்ஃபோர் இரண்டும் இரு வாக்கியங்களை வெறும் காற்புள்ளியால் ஒட்டவைக்கா. முந்தைய வாக்கியத்துக்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டு, புது வாக்கியமாகத் தொடங்கி, அந்தச் சொல்லுக்குப் பின் காற்புள்ளி இடுங்கள்.

தேர்வுக்கு மனப்பாடம் செய்த பழக்கத்தில் வரிக்கு வரி ‘மோர்ஓவர்’ போடுவோரும் உண்டு. புதிதாகச் சேர்க்க ஒன்றும் இல்லாதபோது அந்தச் சொல் வெறும் அலங்காரம்தான்.

மதரஸாவில் படித்த பாடமே இது

நம் பிள்ளைகளுக்கு இது புதிதல்ல. நஹ்வு பாடத்தில் ஜைதும் அம்ரும் வந்த கதையை உஸ்தாத் சொல்லித் தந்திருப்பார். ‘வ’ என்று இணைத்தால் இருவரும் வந்தார்கள் என்பது மட்டுமே பொருள். யார் முன்னே என்பது தெரியாது. ‘ஃப’ என்றால் ஜைது வந்த கையோடு அம்ரு வந்தார். ‘ஸும்ம’ என்றால் சற்றுக் காலம் கழித்து வந்தார். ஓர் எழுத்து மாறினால் செய்தியே மாறுகிறது.

அல்லாஹ்வும் இன்னாரும் நாடினால் என்று இரண்டையும் ‘வ’ கொண்டு சமமாகச் சேர்க்காமல், அல்லாஹ் நாடி, பிறகு இன்னார் நாடினால் என்று ‘ஸும்ம’ கொண்டு சொல்லும்படி நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்ததை, ஹுதைஃபா (ரலி) அவர்கள் அறிவித்த ஹதீஸாக அபூதாவூதில் காண்கிறோம். ஓர் இணைப்புச் சொல்லில் ஈமானின் ஒழுங்கே அடங்கியிருக்கிறது என்றால், அதை அலட்சியமாகக் கையாளலாமா?

ஒரு மாதிரி

இணைப்பு இல்லாமல்: ‘மை ஃபாதர் ட்ரோவ் அன் ஆட்டோ இன் மாமல்லபுரம். ஹி ஹேட் அன் ஆபரேஷன். ஹி கேன்னாட் ட்ரைவ் நவ். மை மதர் ஸ்டிட்சஸ் க்ளோத்ஸ். ஹெர் இன்கம் இஸ் நாட் இனஃப்.’

இணைப்போடு: ‘மை ஃபாதர் ட்ரோவ் அன் ஆட்டோ இன் மாமல்லபுரம், பட் ஹி கேன்னாட் ட்ரைவ் நவ் பிகாஸ் ஹி ஹேட் அன் ஆபரேஷன். ஆல்தோ மை மதர் ஸ்டிட்சஸ் க்ளோத்ஸ், ஹெர் இன்கம் இஸ் நாட் இனஃப் ஃபார் மை ஃபீஸ். தேர்ஃபோர், ஐ ரிக்வெஸ்ட் யுவர் ஹெல்ப்.’

முதலாவதில் ஐந்து செய்திகள் தனித்தனியே கிடக்கின்றன. இரண்டாவதில் ஒரு குடும்பத்தின் நிலை தெரிகிறது. தந்தை ஏன் ஓட்டவில்லை, தாய் உழைத்தும் ஏன் போதவில்லை, பிள்ளை ஏன் கேட்கிறார் என்று படிப்பவர் ஊகிக்க வேண்டியதில்லை.

மனுவோடு இது முடிந்துவிடுவதில்லை. மாமல்லபுரத்து ஹோட்டல்களிலும், மஹிந்திரா சிட்டியிலும், சிறுசேரி சிப்காட்டிலும் வேலைக்குப் போகும் நம் பிள்ளைகள் தினமும் ஆங்கிலத்தில் மெயில் எழுத வேண்டியிருக்கிறது. அங்கே நாம் சொல்ல வந்ததை ஊகித்துப் புரிந்துகொள்ள யாரும் காத்திருக்க மாட்டார்கள்.

மக்ரிபுக்குப் பின் தினமும் ஐந்து வாக்கியம் எழுதச் சொல்லுங்கள். அன்று நடந்த ஒன்றையும் அதன் காரணத்தையும் எழுதினால் போதும். மனு தரப்போகும் மாணவர்கள் கடிதத்தின் முதல் பிரதியை அலுவலகத்துக்குக் கொண்டு வரலாம். மாணவரோடு உட்கார்ந்து ஒருமுறை தமிழில் படித்துப் பார்த்த பிறகே இனி எந்தக் கடிதத்தையும் அனுப்புவோம், இன்ஷா அல்லாஹ்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயன் தரும் கல்வியையும் தெளிவாகச் சொல்லும் ஆற்றலையும் தந்தருள்வானாக. ஆமீன்.