வேலை பார்த்த இன்ஜின் புகை விட்டால்

அன்புள்ள தம்பிக்கு,

ரீபோர் செய்து, புது பிஸ்டனும் ரிங்கும் போட்டுப் பூட்டிய பெட்ரோல் இன்ஜின் முதல் சில நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் ஆயில் குடிப்பது இயல்பு. திருவள்ளூர் ஆலையில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1998 முதல் தயாரித்த மிட்சுபிஷி லான்சர் கார்கள் இப்போது இன்ஜின் வேலைக்கு வரும் வயதில்தான் இருக்கின்றன. அப்படி வேலை பார்த்த வண்டி நீலப் புகை விட்டதுமே இன்ஜினை மறுபடி இறக்குவது வீண் செலவு.

கறுப்புப் புகை என்றால் பெட்ரோல் கூடுதல். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. மார்கழிக் காலையில் சற்று நேரம் வரும் வெள்ளை வெறும் நீராவி. இன்ஜின் சூடான பிறகும் வெள்ளை நிற்காமல், ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும்.

நிறத்தைவிடப் புகை வரும் நேரமே அதிகம் சொல்லும். இரவெல்லாம் நின்ற வண்டி காலையில் ஒரு முறை நீலமாகக் கக்கிவிட்டுத் தெளிந்தால் வால்வு சீல் போயிருக்கும். மேம்பாலத்தில் ஆக்ஸிலரேட்டரை விட்டு இறங்கி, மறுபடி மிதிக்கும்போது புகைந்தாலும் குறை அங்கேதான். த்ராட்டில் மூடியிருக்கையில் மேனிஃபோல்டில் வெற்றிடம் கூடி, வால்வு கைடு வழியே ஆயிலை உறிஞ்சிவிடுகிறது. இரண்டுக்கும் ஹெட் வேலையே போதும். லோடில் மிதிக்க மிதிக்கப் புகை கூடினால்தான் ரிங்கும் போரும் கணக்கில் வரும். அதற்கும் முன்பு, ஆயில் அளவுக்கு மேல் ஊற்றப்பட்டிருக்கிறதா, பிசிவி வால்வு அடைத்திருக்கிறதா என்று பார்ப்பது ஐந்து நிமிட வேலை. புகையே இல்லாமல் ஆயில் குறைந்தால் வண்டிக்கு அடியில் கசிவைத் தேட வேண்டும்.

கம்ப்ரஷன் குறைவாக இருந்தால், பிளக் துளையில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளக்க வேண்டும். எண் ஏறினால் ரிங். ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட். பலரும் ஏமாறுவது கம்ப்ரஷன் நன்றாக இருக்கும்போதுதான். கம்ப்ரஷனைப் பிடிப்பது பெரும்பாலும் மேல் ரிங். ஆயில் ரிங்குக்கு அதில் பங்கில்லை. மூன்று துண்டு ஆயில் ரிங்கில் எக்ஸ்பாண்டரின் முனைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தாலும் கேஜ் நல்ல எண்ணையே காட்டும். சைலென்சர் மட்டும் புகைந்துகொண்டிருக்கும். இரண்டாம் ரிங்கைத் தலைகீழாகப் போட்டாலும் இதே கதி: கீழே வழிக்க வேண்டிய ஆயிலை அது மேலே ஏற்றிவிடும். அதனால் ரிங்கில் உள்ள குறி மேல்நோக்கி இருப்பதைப் பூட்டும்போதே பார்த்துவிட வேண்டும்.

புது இன்ஜினை மணிக்கணக்கில் ஐடிலில் விடுவது பழைய கெட்ட பழக்கம். லோடு இல்லாமல் ஓடினால் ரிங் சுவரில் படியாது, ஹோனிங் கோடுகள் மெழுகிப்போகும். கும்மிடிப்பூண்டியிலிருந்து ஆரம்பாக்கம் வரை நெடுஞ்சாலையில் மிதமாக மிதித்தும் விட்டும் ஓட்டுவதே சரி. ஒவ்வொரு 500 கிலோமீட்டருக்கும் சமதரையில் நிறுத்தி ஸ்டிக்கைப் பார்த்து, ஊற்றிய ஆயிலைக் குறித்துவர வேண்டும். ஊற்றும் அளவு ஒவ்வொரு முறையும் குறைந்துவந்தால் ரிங் படிகிறது. 2,000 கிலோமீட்டர் கடந்தும் குறையாமல், லோடில் புகையும் நிற்காவிட்டால் இன்ஜினை இறக்கலாம்.

அன்புடன்,
பெரியப்பா