கிராம் தந்த புரட்சி

வேதியியல் கூடத்தில் நாள்தோறும் கிராம் கணக்கில் நிறுக்கிறேன். அந்த அளவு பிரெஞ்சுப் புரட்சி ஈன்ற குழந்தை.

புரட்சிக்குக் காரணம் யாது? அமெரிக்கப் போருக்குப் பொருள் தந்து அரசின் கருவூலம் கடனில் மூழ்கிற்று. பிரபுக்களும் குருமாரும் பெரும்பாலான வரிகளுக்கு விலக்குப் பெற்றிருந்தனர். சுமை உழவன் முதுகில் ஏறிற்று. 1788-இல் விளைச்சல் பொய்த்தது. ரொட்டி விலை உயர்ந்தது. பொறுமையிழந்த பாரிஸ் மக்கள் 1789 ஜூலை 14-இல் பாஸ்டில் சிறையைக் கைப்பற்றினர்.

விளைவு? அவ்வாண்டு ஆகஸ்டிலேயே மனித உரிமைப் பிரகடனம் பிறந்தது. 1792-இல் முடியாட்சி ஒழிந்தது; மறு ஆண்டு ஜனவரியில் மன்னன் பதினாறாம் லூயியின் தலை உருண்டது. ஊருக்கோர் அளவை என்ற நிலை மாற, 1795-இல் மீட்டரும் கிராமும் சட்டமாயின.

பள்ளியில் இப்பாடத்தைப் படித்தபோது கில்லட்டினுக்குக் கைதட்டியவன் நான். இன்று கை தயங்குகிறது. புதிய அளவைகளுக்காக உழைத்த லவாய்சியரும் 1794 மே 8-இல் அதற்கே இரையானார். அவர் வரிக் குத்தகைதாரருள் ஒருவர். மக்கள் சினந்ததில் நியாயம் உண்டு. ஆனால், ஒரே நாளில் விசாரித்து அன்றே கொல்வது நீதியாகுமா? பத்தாண்டு கழித்து, 1804-இல், நெப்போலியன் பேரரசனாக முடி சூடினான்.

முடியைக் கவிழ்ப்பது பாதிப் புரட்சி. நீதியின் தராசைச் சாயாமல் பிடிப்பது மறுபாதி.