கலைத்தலும் கவாத்தும்: தைலமரம் தரும் பாடம்

(மூன்றாம் ஆண்டு சிவில் மாணவன்)



ஆவடியிலோ பூந்தமல்லியிலோ வீட்டுக்குத் தளம் போடும் இடங்களைப் பார்த்திருப்பீர்கள். இரும்பு முட்டு வந்துவிட்ட இந்தக் காலத்திலும் சென்டரிங் பலகைக்கு அடியில் சவுக்குக் கம்பும் தைலமரக் கம்பும் நிற்கத்தான் செய்கின்றன. தைலமரம் என்பது நம் ஊர் யூகலிப்டஸ். இது முட்டாகிறது, விறகாகிறது, காகிதக் கூழாகிறது. ஆனால் நல்ல அறுவைப் பலகையாக நம்மிடம் வருவது குறைவு. ஏன்? மரத்தின் குணமா, வளர்க்கும் முறையா?

எதற்காக வளர்த்தோம்?

நீலகிரியில் 1843-ல் தைலமரம் நடப்பட்டது. 1856 முதல் விறகுத் தேவைக்காக முறையாக வளர்த்தார்கள். பிற்காலத்தில் சமவெளியில் காகிதக் கூழுக்காகப் பரவியது. கரூர் மாவட்டம் புகளூரில் 1984-ல் உற்பத்தி தொடங்கிய தமிழ்நாடு செய்தித்தாள் காகித ஆலை, கரும்புச் சக்கையோடு மரக்கூழையும் பயன்படுத்துகிறது. கூழுக்கு எடைதான் கணக்கு. மரம் ஒல்லியா, கணு உள்ளதா என்று யாரும் கேட்பதில்லை. ஆகவே நெருக்கி நட்டு, சில வருடத்தில் வெட்டி, அடிக்கட்டை துளிர்த்ததும் அதையே மறுபடி வளர்ப்பது வழக்கமாகிவிட்டது.

பலகை வேண்டுமென்றால் இரண்டு வேலை செய்ய வேண்டும். ஒன்று கலைத்தல், மற்றொன்று கவாத்து.

கலைத்தல்

3 மீட்டருக்கு 2 மீட்டர் இடைவெளியில் நட்டால் ஒரு மரத்துக்கு 6 சதுர மீட்டர். ஓர் ஏக்கர் 4,047 சதுர மீட்டர். ஆக சுமார் 674 மரம். கொஞ்ச வருடத்தில் மேலே தழை முட்டிக்கொள்ளும், கீழே வேர் பின்னிக்கொள்ளும். நம் பக்கம் மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையோடு சரி. எனவே போட்டி வெயிலுக்கு மட்டுமல்ல, தண்ணீருக்கும்தான். பந்தியில் சோறு ஒரே அண்டா, இலை மட்டும் 674!

பாதி மரத்தை எடுத்துவிட்டால் ஏக்கரில் விளையும் மொத்த மரம் கூடிவிடாது. கொஞ்சம் குறையவும் செய்யலாம். ஆனால் விளைவது குறைந்த மரங்களில் சேர்ந்து, ஒவ்வொன்றும் பருக்கும். விட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பத்தான் குறுக்குவெட்டுப் பரப்பு கூடும் என்பது நாம் படித்ததுதானே! 20 செ.மீ. மரம் ஒன்று, 10 செ.மீ. மரம் நான்குக்குச் சமம். ஆனால் 10 செ.மீ. உருண்டையில் அறுக்கக் கிடைக்கும் சதுரம் 7 செ.மீ. பக்கம்தான். 20 செ.மீ. உருண்டையில் 14 செ.மீ. கிடைக்கும். ஜன்னல் சட்டம் எதில் வரும் என்று சொல்லவும் வேண்டுமா?

ஒரு எச்சரிக்கை. நெருக்கத்தில் வளர்ந்த மரம் நெட்டையாக, ஒல்லியாக இருக்கும். 12 மீட்டர் உயரம், 10 செ.மீ. விட்டம் என்றால் விகிதம் 120. பக்கத்து மரங்கள்தான் அதற்குக் காற்றுத் தடுப்பு. ஒரேயடியாகக் கலைத்தால் வளைந்துவிடும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையில் எத்தனை மரங்களைச் சாய்த்தது என்பதை நாம் மறக்கவில்லை. ஆகவே இளம் வயதிலேயே, இரண்டு மூன்று தவணையாகக் கலைக்க வேண்டும். கோணல், கவட்டை, நோஞ்சான் முதலில் போகட்டும். வெட்டிய கட்டையில் வரும் துளிரையும் ஒடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் போட்டி திரும்ப வந்துவிடும்.

கவாத்து

கவாத்து செய்தால் மரம் பருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. இலைதான் மரத்துக்குச் சமையல்கட்டு. அதைக் குறைத்தால் வளர்ச்சி எப்படிக் கூடும்? கவாத்தின் பலன் கணு இல்லாத மரம்.

தண்டு பருக்கப் பருக்கக் கிளையின் அடியை விழுங்கிக்கொள்கிறது. அதுதான் கணு. பச்சைக் கிளையின் கணு இறுகிப் பிடித்திருக்கும். காய்ந்த கிளையின் கணு, பலகை அறுத்தபின் கழன்று ஓட்டையாகும். உத்திரத்தின் நடுவில், இழுவிசை தாங்கும் அடிப்பக்கத்தில் ஒரு கணு வந்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். தைலமரம் சிறு கிளைகளைத் தானே உதிர்க்கும். ஆனால் இடம் கிடைத்தால் கிளை தடிக்கும். தடித்த கிளை சுலபத்தில் உதிராது.

கிளை பெருவிரல் தடிமனுக்குள் இருக்கும்போதே, பட்டை கிழியாமல், அடியிலுள்ள புடைப்பை விட்டு வெட்ட வேண்டும். எவ்வளவு கழிக்கலாம்? ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் ஒரு வகை தைலமரத்தில் செய்த ஆய்வில், பச்சைத் தழைப் பகுதியின் நீளத்தில் பாதி வரை கழித்தும் வளர்ச்சி குறையவில்லை. 70 சதவீதம் கழித்தபோது குறைந்தது. அங்கே தவணை தவணையாக 6.4 மீட்டர் உயரம் வரை கழிக்கிறார்கள்.

இரண்டும் ஜோடி

கவாத்துக்குப் பிறகு சேரும் மரம்தான் கணுவில்லாதது. உள்ளே இருக்கும் கணு போகாது. ஆகவே கவாத்து செய்துவிட்டுக் கலைக்காமல் விட்டால், மேலே நல்ல மரம் சேர வழியில்லை. கலைத்துவிட்டுக் கவாத்து செய்யாவிட்டால் கிளைதான் தடிக்கும். கூழுக்கு விற்பதாக இருந்தாலோ இரண்டுமே வீண் கூலி.

திருவள்ளூர் பக்கம் என் மாமாவுக்கு ஓர் ஏக்கர் தைலமரத் தோப்பு உண்டு. மூன்று வயது. நான் இதையெல்லாம் சொன்னதும், "ஏன்டா, பாதி மரத்த வெட்டிட்டா பாதி பணம் போச்சே! பலகைக்கு நான் இன்னும் பத்து வருஷம் உக்காந்திருக்கணுமா? பொண்ணு கல்யாணத்த எத வெச்சி பண்றது?" என்றார். அவர் கேட்டது நியாயம். "முக்கால் ஏக்கர் கூழுக்கே போகட்டும் மாமா, கால் ஏக்கர மட்டும் பலகைக்கு விடுங்க" என்றேன். ரெண்டு நாள் யோசித்துவிட்டுச் சம்மதித்தார். நிற்க வேண்டிய மரங்களுக்கு இருவரும் சேர்ந்து சுண்ணாம்பு வட்டம் போட்டோம்.

நண்பர்களே! கட்டடத்துக்குத் திட்டம் போடாமல் கடைக்கால் தோண்டுவோமா? தோப்பும் அப்படித்தான். கடைசியில் யார் வாங்கப் போகிறார்கள் என்பதைக் கன்று நடும்போதே முடிவு செய்ய வேண்டும். ஊரில் நிலம் உள்ள மாணவர்கள் இதைத் தம் வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு முறை பேசிப் பாருங்கள்.