கோட்டில் முடிந்த கணக்கு மாறுமா?

கேள்வி: 2017இல் எங்களுக்கு விவாகரத்துக் கிடைத்தது. இருபகுதியும் பேசி இணங்கிய தீர்ப்பு. மகளுக்கு மாதம் 8,000 ரூபா என்று முடிவானது. நாங்கள் சேர்ந்து வாங்கின வேலணைக் காணியில் என் பங்கை அவருக்கு உறுதி முடித்துக் கொடுத்தேன். 'இனி ஒன்றும் கேட்கமாட்டேன்' என்றும் ஒப்பமிட்டேன். அவர் இப்போது பிரான்சில். மகள் யாழ்ப்பாணத்தில் அறை எடுத்து ஏ.எல். படிக்கிறாள், வயது 17. காசு காணாது. கேட்டால், 'கோட்டில் முடிஞ்ச கதை' என்கிறார். காணியையும் திரும்பக் கேட்கலாமா?
– ஒரு தாய், எழுவைதீவு

பதில்: கலியாணம் குலைந்தது முடிந்த கதைதான், சகோதரி. மாதக் காசு முடியவில்லை. குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 615ஆம் பிரிவின்படி, விவாகரத்தோடு இட்ட தாபரிப்புக் கட்டளையை நீதிமன்றம் பிறகு எந்தக் கட்டத்திலும் கூட்டலாம், குறைக்கலாம், நிறுத்திவைக்கலாம். 'ஒன்றும் கேட்கமாட்டேன்' என்று நீங்கள் வைத்த ஒப்பம் உங்களைக் கட்டலாம். மகளின் உரிமையைத் தாய் எழுதிக்கொடுத்துவிட முடியாது.

வழக்கு முடிந்த அதே நீதிமன்றத்துக்கு, அதே வழக்கிலக்கத்தோடு போங்கள். நிலைமை மாறிவிட்டது என்பதைத்தான் காட்டவேண்டும். 2022 செப்டெம்பரில் மட்டும் கொழும்பு நுகர்வோர் விலைகள் ஒரு வருடத்துக்கு முன்னிருந்ததைவிடக் கிட்டத்தட்ட 70 வீதம் ஏறியிருந்தன. 2017இன் 8,000 ரூபாவுக்கு இன்று என்ன பெறுமதி என்று நீதிபதிக்குத் தெரியும். ஆனாலும் பொதுவாக 'சாமான் விலை கூடிப்போச்சு' என்றால் போதாது. அறை வாடகைத் துண்டு, ரியூசன் காசு கட்டின ரசீது, பாதைப்படகுக்கும் பஸ்சுக்கும் மாதம் போகிற காசு, எல்லாவற்றையும் சத்தியக்கடதாசியோடு இணையுங்கள். அவர் காசு அனுப்பின வங்கிப் பதிவுகளும் வேண்டும். நிலுவை இருந்தால் அது தனிக் கணக்கு. போனில் அவர் 'இந்த மாதம் பாதிதான்' என்று சொல்லி நீங்களும் ஓம் என்றிருந்தாலும், கட்டளை அதனால் மாறாது.

காணி வேறு விஷயம். உறுதி முடிந்து பெயர் மாறிய ஆதனத்தை, விலை ஏறிவிட்டது என்பதற்காகத் திரும்பக் கேட்க முடியாது. ஏமாற்றி ஒப்பம் வாங்கினார் என்று காட்ட முடிந்தால் மேன்முறையீட்டு நீதிமன்றத்தை நாடலாம். ஆனால் இத்தனை வருடம் ஏன் பேசாமல் இருந்தீர்கள் என்பதுதான் அங்கே முதல் கேள்வி. என்னைக் கேட்டால் அந்தப் பக்கம் போகவேண்டாம். அதே காணியை வேறு வழியில் பயன்படுத்தலாம்: மாதக் கொடுப்பனவுக்குப் பிணையாக அசையா ஆதனத்தை ஈடு வைக்கும்படி கட்டளையிடவும் 615இல் இடமுண்டு. பிரான்சில் இருப்பவரின் சம்பளத்தைப் பிடிப்பது கடினம். வேலணைக் காணி எங்கும் ஓடாது. அதை ஈடாகக் கேளுங்கள். கொடுப்பதும் விடுவதும் நீதிபதியின் கையில்.

இன்னொன்று. மகளுக்கு 18 ஆனதும் எல்லாம் நின்றுவிடும் என்று உங்களுக்கும் யாராவது சொல்லியிருப்பார்கள். 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டப்படி, தன்னைத் தானே பராமரிக்க இயலாத பிள்ளை 18 முதல் 25 வயதுவரை, வசதியுள்ள பெற்றோரிடம் பராமரிப்புக் கேட்கலாம். அது நீதவான் நீதிமன்றத்தில், புதிய விண்ணப்பமாக. பல்கலைக்கழகம் கிடைத்தால் அந்தக் கதவு தேவைப்படும்.

சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லை என்றால் யாழ்ப்பாணத்திலுள்ள சட்ட உதவி ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போங்கள். தீர்ப்பின் சான்றுப்படுத்திய பிரதியைக் கையில் எடுத்துக்கொண்டு போனால் ஒரு பயணம் மிச்சம்.